மிஸ்யே ஏனுங்க வீட்டுச் சாப்பாடு

அந்தத் தீவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. சோறு ஆக்கப் போனேன்.

எங்கள் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் கழற்றி மாட்டுவதில் கைகாரர் என்று பேர். மொரீசியஸ் தீவில் புதிதாகக் கட்டுகிற மில்லில் ஒன்பது மாதம் இருந்து மெஷின் மாட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு ஆள் வந்தது. அவருக்குப் போக ஆசை. ஆனால் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டால் மத்தியானம் நேரத்துக்குச் சோறு உள்ளே போயாக வேண்டும். தவறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். கணபதி என்கிற ஊரில் அவர் தங்கை வீட்டு விசேஷத்தில் பந்தி தாமதமாகி, உட்கார்ந்த நாற்காலியிலேயே ஒருமுறை சாய்ந்துவிட்டார்.

டாக்டர் சொன்னார்: “போலாம் போங்க. ஆனா கூட ஒருத்தர் இருந்து வேளா வேளைக்குச் சோறு போடோணும். அதுக்கு ஆளிருந்தாப் போங்க, இல்லாட்டி பேசாம ஊட்டுல இருங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. புது ஆள் முன்னால் வாய் திறக்க வராது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காசைக் கொடுத்து வாங்கித் தரச் சொல்கிறவள். அதுவரை நான் போன தூரம் ராமேஸ்வரம். அங்கேயும் கடலை மற்றவர்களுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன். இப்போது அதே கடலுக்கு மேலே பறந்து போனேன். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பத்து கிலோ ராகி மாவு, கொள்ளு, வரமிளகாய். அங்கிருந்த அதிகாரி மாவுப் பொட்டலத்தை மோந்து பார்த்தார், இன்னொருவரை அழைத்து மோந்து பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் தன் மில் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவர்கள் முகம் இளகவில்லை. வேறு வழி தெரியாமல் ஒரு விரல் மாவை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். பச்சை மாவு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் விழுங்கப் பட்ட பாட்டைப் பார்த்து முதலில் சிரித்தது அந்த அதிகாரிதான். போகச் சொல்லிவிட்டார்.

மில் கொடுத்த வீடு மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில். சுற்றிலும் கரும்புக் காடு. கரும்பு நம் கரும்புதான், ஆனால் காட்டுக்கு நடுவே கருங்கல்லைப் பொறுக்கிக் கோபுரம் மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். முதலில் ஏதோ சாமி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன்.

முதல் வாரம் எனக்குப் பொழுது போன வழி தெரியவில்லை என்றால் பொய். பொழுது போகவே இல்லை. ஊரில் மில் சங்கு ஊதினால் உலை வைப்பேன், அடுத்த சங்குக்கு இறக்குவேன். இங்கே சங்கு கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துச் சமைப்பது எனக்குப் பழக்கமில்லை, மூன்று நாள் சோறு குழைந்தது. ஊரில் எங்கள் வீதிக்கே எஸ்.டி.டி. பூத் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே வந்து நிற்கும் மகளோடு மாதம் ஒருமுறை இரண்டு நிமிஷம் பேசலாம். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போய்விடும்.

பக்கத்து வீட்டில் என் வயதுக்கு ஒரு அம்மா தனியாக இருந்தார். பெயர் பார்வெடி. பார்வதி என்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அவருடைய தாத்தாவின் தாத்தா நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறியவராம். அவர்கள் பேசுவது கிரியோல் என்கிற பாஷை. தமிழில் வார்த்தை வார்த்தையாக வரும், வாக்கியமாக வராது. பாதி கையாலும் மீதி வாயாலும் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். அங்கே காய்க்காரி ஒரு கட்டைத் தூக்கி “கொத்தோமிலி, கொத்தோமிலி” என்று கூவினாள். கொத்தமல்லி. அடுத்த கூடையில் “பிப்பங்காய்”. பார்த்தால் பீர்க்கங்காய். கறிவேப்பிலைக்குக் “காரிபுலே”, முருங்கைக்கீரைக்கு “மூரூம்”. பேச்செல்லாம் மறந்துபோன சனத்துக்குக் கறிகாய்ப் பேர் மட்டும் மறக்கவில்லை. நான் ஒவ்வொரு கூடையாகத் தொட்டுப் பேர் சொல்ல, காய்க்காரி அவள் பேரைச் சொல்ல, கடைசியில் ஒரு கட்டு கீரையைச் சும்மாவே கொடுத்துவிட்டாள். வெளியூரில் நான் வாய் திறந்து பேசிய முதல் நாள் அது.

பார்வெடியம்மா ஒரு நாள் வேலியோரம் நின்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

“போன்சூர், மிஸ்யே ஏனுங்க.”

போன்சூர் என்றால் வணக்கம், மிஸ்யே என்றால் ஐயா. மூன்றாவது வார்த்தைதான் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க, தண்ணி காஞ்சிருச்சு”, “ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா” என்று நாளெல்லாம் நான் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவர் பெயர் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார்.

“சொல்லுங்க அவங்களுக்கு, அது பேரில்லீன்னு” என்றேன்.

“நீயே சொல்லு புள்ள. சொல்லிப்போட்டு, என்ற பேரு என்னன்னும் சொல்லு.”

அவருக்குக் குறும்பு. நான் சொல்ல மாட்டேன் என்று தெரியும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. காரமடையில் இருக்கிற சாமியின் பேர்தான் அவருக்கும். அதனால் தேருக்குப் போனால்கூட “காரமடைச் சாமி” என்று மட்டும்தான் நான் சொல்வது. ரேஷன் கடையில் கேட்டால் கார்டைக் காட்டுவேன். எழுதினால் தப்பில்லை, வாயில்தான் வரக்கூடாது என்று என் அம்மா சொல்லியிருந்தாள்.

ஆக, அந்த வீதியில் அவர் மிஸ்யே ஏனுங்க ஆனார்.

சோற்று விஷயத்துக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கே மில் வண்டி வந்துவிடும். அப்போதே கட்டிக் கொடுத்த சோறு அந்த வெக்கையில் மத்தியானத்துக்குள் ஊசிப்போனது. எங்கள் ஊரில் என்றால் டவுன் பஸ் கண்டக்டரிடம் எதையும் கொடுத்துவிடலாம், சரியான ஸ்டாப்பில் இறக்கிவிடுவார். இங்கேயும் பதினொன்றரை மணி பஸ் மில் கேட் வழியாகத்தான் போனது. இரண்டு நாள் ஸ்டாப்வரை போய், வாய் வராமல் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் கண்டக்டர் கையில் சோறு கட்டிய தூக்குப்போசியைத் திணித்து, மில் இருக்கும் திசையைக் காட்டி, சாப்பிடுகிற மாதிரி கையை வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டார். புரிந்துகொண்டார் என்று சந்தோஷமாக வந்தேன்.

சாயங்காலம் அதே கண்டக்டர் போசியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு கொத்து லிச்சிப் பழம். பார்வெடியம்மாவிடம் அவர் சொன்னது இது: “இந்த அம்மா எனக்கு எதுக்குச் சோறு போட்டாங்கன்னு தெரியல. ஆனா அந்தக் கறுப்பு உருண்டை ரொம்ப நல்லாயிருந்தது.” ராகிக் களியைச் சொல்கிறார். அன்றைக்கு வீட்டுக்காரர் கேன்டீனில் ரொட்டி தின்றிருந்தார். விஷயம் தெரிந்ததும் கண்டக்டர் காதுவரைக்கும் சிவந்துபோனார். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. பஸ் வரும் நேரத்துக்கு வீட்டுக்காரர் மில் கேட்டுக்கு வந்து நின்று வாங்கிக்கொள்வார்.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே இலை அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். கொள்ளுப் பருப்பும் மூரூம் கீரையும் களியும் கட்டிக்கொண்டு ஸ்டாப்புக்குப் போனேன். வழியில் போலீஸ் ஸ்டேஷன். அதன் கம்பத்தில் இரண்டு சிவப்புக் கொடி பறந்தது.

நான் மில் தொழிலாளி பெண்டாட்டி. சிங்காநல்லூரில் சிவப்புக் கொடி ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம். வேலை நிறுத்தம். கேட்டைச் சாத்துவார்கள், ஆண்கள் மத்தியானத்துக்குள் வீடு வந்துவிடுவார்கள். இங்கே போலீஸ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள் போலிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். கடைகளையும் சாத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. பதினொன்றரை பஸ் என்னைத் தாண்டித்தான் போனது. கண்டக்டர் கை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்காரர் வந்து சூடாகச் சாப்பிடட்டும் என்று போசியோடு திரும்பி வந்து இலை போட்டு வைத்தேன்.

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. காற்று எழும்பியது. கரும்பெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்து வீட்டில் பார்வெடியம்மா ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்யே ஏனுங்க எங்க?” என்று கத்தினார்.

“வருவாருங்க. மில்லு ஸ்டிரைக்கு. கொடி ஏத்தியிருக்குதே.”

அவர் சுத்தியலைக் கீழே போட்டார். பிறகு இரண்டு கையையும் காற்றில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். “சிக்ளோன். கொடி, சிக்ளோன். இப்ப மூணு கொடி. பஸ் இல்ல. யாரும் வெளியே போகக் கூடாது.”

அந்த ஊரில் புயல் நெருங்க நெருங்கக் கொடி ஒவ்வொன்றாகக் கூடுமாம். மூன்று கொடி ஏறிவிட்டால் வண்டி வாகனம் எல்லாம் நின்றுவிடும். ரேடியோவில் காலையிலிருந்து சொன்னார்களாம், எனக்கெங்கே புரிய. காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் போன மனுஷன் அங்கே, சோறு இங்கே போசியில். பஸ்ஸை நானே தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

போசியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போகிறேன் என்று கிளம்பினேன். பார்வெடியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே டெலிஃபோன் இருந்தது.

மில்லில் எடுத்தவர் வாட்ச்மேன். பார்வெடியம்மா அவரோடு கிரியோலில் பேசினார், நடுநடுவே எனக்குத் தமிழில் சொன்னார். மெஷின் நனையாமல் தார்ப்பாய் கட்ட நிறையப் பேர் நின்றுவிட்டார்களாம், இப்போது வெளியே வர வழியில்லையாம். எல்லோரும் பெரிய ஹாலில் இருக்கிறார்களாம். கேன்டீன் சமையல்காரர் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டாராம்.

“மிஸ்யே ஏனுங்கவைக் கூப்பிடுங்க” என்றார் அம்மா.

அந்தப் பக்கம் பேர் நோட்டைப் புரட்டுகிற நேரம். “அப்படி யாரும் இங்க இல்ல.”

“இந்தியாவிலிருந்து வந்தவர். பெரியவர்.”

“இந்தியாக்காரங்க ஐம்பது பேர் உள்ள இருக்காங்க. நான் கேட் வாட்ச்மேன். டெலிஃபோன் ஆளு போயிட்டாரு. எனக்கு யாரையும் தெரியாது. பேர் சொல்லுங்க.”

பார்வெடியம்மா ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “அம்மா, ஏனுங்க பேர் இல்லையா?”

“இல்லீங்க.”

“அப்ப என்ன பேர்?”

சத்தியமாகச் சொல்கிறேன், வாய் திறந்தேன், வரவில்லை. அங்கிருந்த பென்சிலை எடுத்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து என்றாலும் தப்பில்லாமல் எழுதுவேன். அந்த அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்தார். வாசலில் யாரோ போட்ட கோலத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

“நான் படிக்கத் தெரியாது அம்மா. கோவில்ல பாத்திருக்கேன், அழகா இருக்கும். படிக்கத் தெரியாது.” அவர் கண் கலங்கியிருந்தது. “நீ சொல்லு.”

போன் இரைந்துகொண்டே இருந்தது. கணபதியில் நாற்காலியில் சாய்ந்த முகம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. காரமடைச் சாமி மன்னிக்கட்டும்.

பார்வெடியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இதுவா? இது எங்க அப்பா பேர்” என்று சொல்லிக்கொண்டே போனில் அந்தப் பேரைச் சொன்னார். அவர்கள் சொல்கிற விதத்தில் அது ருங்கசாமி என்று விழுந்தது.

வாட்ச்மேன் என்னவோ கேட்டார். அம்மா நெற்றியில் கை வைத்தார்.

“எந்த ருங்கசாமின்னு கேக்கறான். இந்த மில்லுல பதினோரு ருங்கசாமி இருக்காங்களாம். அவர் அப்பா பேர் என்னன்னு கேக்கறான்.”

மாமனார் பேரையும் நான் சொன்னதில்லை. ஆனால் என்னை நிறுத்தியது அதுவல்ல. அதையும் சொல்லி, அதிலும் நாலு பேர் இருந்தால்? அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. ரிசீவரை அந்த அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் யார் கையிலிருந்தும் நான் எதையும் பிடுங்கினதில்லை.

“பேரெல்லாம் வேண்டாமுங்க. அந்த ஹாலுக்குள்ள போயி, ஏனுங்கன்னு சத்தமா ஒருக்கா கூப்பிடுங்க. ஆரு திரும்பிப் பாக்கறாங்களோ அவருதான் எங்க ஊட்டுக்காரரு.”

தமிழில் சொல்லி என்ன பிரயோசனம். பார்வெடியம்மா என் காதோடு காது வைத்து, அதையே கிரியோலில் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. பிறகு காற்றின் இரைச்சலுக்கு அந்தப் பக்கம், எங்கோ தூரத்தில், ஒரு ஆண்குரல் நீட்டி முழக்கியது.

“ஏனுங்கா... ஏனுங்கா...”

நாங்கள் இரண்டு கிழவிகளும் ஒரு ரிசீவரில் காது வைத்து நின்றோம். அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“யாரு?” என்று போனில் வீட்டுக்காரர் குரல் கேட்டது. குரல் தெளிவாக இல்லை, நாக்கு குழறியது.

“நாந்தானுங்க. ஏதாச்சும் சாப்டீங்களா?”

“கேட்டுல நின்னு பாத்தேன் புள்ள. பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு. இங்க என்னமோ ஒரே புழுக்கம், வேர்த்து ஊத்துது. சித்த கண்ணசந்தாச் சரியாப் போயிரும்.”

“கண்ணசரப்படாதுங்க. அங்க டீ இருக்குதா?”

“இருக்குது. அது சக்கரை போட்ட டீ.”

“குடிங்க.”

“சக்கரை புள்ள.”

“நாஞ் சொல்றேன், குடிங்க. ரெண்டு டம்ளர் குடிங்க. ரொட்டி இருந்தா ஆரையாவது கேட்டு வாங்கித் தின்னுங்க.”

ஆறு வருஷமாக அவர் டீயில் ஒரு சிட்டிகை சர்க்கரை விழ விட்டதில்லை நான். பார்வெடியம்மா போனை வாங்கி வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் மிளகாய் வடையையும் இவருக்குப் பிய்த்துக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாராம். மறுபடியும் போனில் வந்தபோது குரல் குழறவில்லை. “களி என்னாச்சு?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

களியை நானும் பார்வெடியம்மாவும் தின்றோம். வெளியே காற்று வீட்டைப் பிடித்து உலுக்கியது. அந்த அம்மா காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கேட்டார். இது என்ன, இது என்ன. தன் அப்பா பேர் அதில் இருக்கிறதே என்று. எழுத்தாகப் பிரித்துச் சொல்வதால் பாவமில்லை என்று வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கொடி இறங்கி பஸ் ஓடியது. வீட்டுக்காரர் அதே பதினொன்றரை பஸ் கண்டக்டரோடு முன்பக்கம் நின்றுகொண்டு வந்து இறங்கினார். மரங்கள் ரோட்டில் விழுந்து கிடந்தன. சேற்றுக் காலைக் கழுவி, இலை முன்னால் உட்கார்ந்தார். நான் ஸ்டிரைக் என்று நினைத்த கதையைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு குனிந்துகொண்டே கேட்டார்.

“என்ற பேரச் சொல்லிப்போட்டயாமா?”

“சொன்னனுங்க. சொல்லியும் ஒண்ணும் ஆகலீங்க. பதினோரு பேரு இருக்கறாங்களாம்.”

அவர் களியைப் பிட்டுக் கொள்ளில் தோய்த்தார். “அந்த ஆளு ஏனுங்கான்னு கூப்பிட்டானா, நம்மூரு ஃபிட்டருக ரெண்டு பேரு கூட இருந்தாங்க. மூணு பேரும் திரும்பிப் பாத்தோம். அவங்க ரெண்டு பேரும் பெண்டாட்டிய ஊருல உட்டுப்போட்டு வந்தவிய, பாவம். எந்திரிச்சது நான் ஒருத்தன்தான்.”

நான் இன்னொரு களி வைத்தேன்.